தண்ணிப்பொட்டு

2036 ஏப்ரல் 16, புதன்.

இன்று ஒரு தவறு செய்தேன். காலையில் குளியலறைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது என் பொட்டுதானா என்று பார்க்கவில்லை. அடியில் என் எண் இருக்க வேண்டும். அது சோப்புப் பட்டு எப்போதோ அழிந்துவிட்டது. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்கிறாள் சின்னு. ஆனாலும் பார்க்காதது பார்க்காததுதான். சிறிய தவறு என்றுதான் நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

இசக்கிப்பிரியா பேனாவை மூடிவிட்டு, எழுதியதை மறுபடி ஒருமுறை வாசித்தாள். விடுதி மொட்டைமாடிக் கொட்டகையில் நடக்கும் மாலை வகுப்பில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதப் போகிறவர்களுக்கு ஆசிரியை கொடுத்திருந்த வேலை அது. தினமும் பத்து வரி எழுத வேண்டும், மேலே தேதி போட வேண்டும். மற்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து வாரம் முழுவதையும் கற்பனை செய்துவிடுவார்கள். இசக்கிக்கு அது கைவராது. அன்றன்றைக்கு எழுதி, அன்றன்றைக்கே சந்தேகப்படுவாள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியபின் திரும்பிப்போய் இழுத்துப் பார்க்கிற ஜாதி அவள்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கொங்குச் சீமையின் இந்தப் பின்னலாடை ஆலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. வெளிநாட்டுக் குழந்தைகளின் பனியன்களுக்குக் கழுத்துப்பட்டி வைத்துத் தைக்கிறாள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. அறைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு குளியலறை, அதில் ஒரு கண்ணாடி. போடிப் பக்கத்து வீரசின்னு, தூத்துக்குடி அமலோற்பவம், ஒடிசாவிலிருந்து வந்த மினதி, பிறகு இவள். அமலிதான் மூத்தவள். ஊரில் ஒரு மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், புருஷன் இல்லை. சின்னுவுக்கு வாய்தான் மூலதனம். மினதி மூன்று வருடத்தில் தமிழைப் பிடித்துவிட்டாள், வினைச்சொல் மட்டும் இன்னும் கைக்குள் நிற்க மாட்டேனென்கிறது.

பொட்டு வந்தது போன வருடம். அதற்கு முன்னால் டோக்கன் காலம். ஒரு லைனுக்கு, அதாவது ஒரு தையல் வரிசைக்கு, இரண்டு டோக்கன், அது கையிலிருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். டோக்கனுக்கு அஞ்சிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். தொண்டை வறளும், அடிவயிறு எரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கோடையில்தான் மனிதவள அதிகாரி நிகிலேஷ், தோல்நிறத்தில் மல்லிவிதை அளவுக்கு ஒரு வில்லையைத் தூக்கிக் காட்டினார்.

"தாகம்னா என்ன? உடம்புல தண்ணி குறையறதுக்கு ரொம்ப முன்னாடியே மூளை போடற கூச்சல். இதைக் காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா அந்தக் கூச்சல் இருக்காது. அடிக்கடி பாத்ரூம் போகணும்னும் தோணாது. நிம்மதியா வேலை பாக்கலாம்."

"நெசமாவே தண்ணி கொறைஞ்சிட்டா சார்?" என்று கேட்டாள் அமலி.

"பொட்டு அதிரும். அப்ப போய்க் குடிச்சாப் போதும். வேர்வையில உப்பு எவ்வளவு, ரத்தம் எப்படியிருக்கு, எல்லாம் அதுக்குத் தெரியும். உங்க உடம்பை உங்களைவிட அது நல்லாப் பாத்துக்கும்."

"பசிக்கும் இப்படி ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க சார், எங்காத்தாவுக்கு ரெண்டு வாங்கிட்டுப் போறேன்" என்றாள் சின்னு.

கூடம் முழுக்கச் சிரித்தது. நிகிலேஷ் சிரிக்கவில்லை. "ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

பொய் சொல்வானேன், எல்லோருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. டோக்கன் ஒழிந்தது. எரிச்சல் தெரியவில்லை. ஆரம்பத்தில் இரண்டு மணிக்கொருதரம் அதிர்ந்தது. தீபாவளிக்குப்பின் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பொங்கலுக்குப்பின் ஷிப்டுக்கு ஒருமுறை. யாரும் கவனிக்கவில்லை. வராத தாகத்தைத் தேடுகிறவர் யார்?

எக்காலத்திலும் கழற்றக் கூடாது என்பது விதி. ஆனால் குளிக்கப்போகும்போது நெற்றிப்பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பழகிய கை, காதுப்பொட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டியது. யாரும் யோசித்துச் செய்ததல்ல. தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பெண்கள் செய்ததைக் கையே செய்தது. ஒவ்வோர் அறைக் கண்ணாடியிலும் சிவப்பு, மெரூன், கருப்பு வட்டங்களுக்கு நடுவே நாலு தோல்நிற வட்டங்கள். காலையில் கிடைத்ததை எடுத்து ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். எத்தனை மாதமாக இப்படி நடக்கிறதோ, இசக்கிக்கு அது உறைத்தது அந்தப் புதன்கிழமைதான்.

மறுநாள் மதியம் நிகிலேஷ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஏசிக் குளிர் நடுக்கியது.

"உக்காருங்க இசக்கிப்பிரியா. வீட்டுல அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன்."

"எங்கம்மைக்கா? நல்லாத்தான சார் இருக்கா. காலைல பேசும்போதுகூட அடுத்த வீட்டுக்காரியோட சண்டை போட்டுக்கிட்டேதான் பேசுனா."

"வயசானவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. நாலு வருஷமா நல்லா உழைச்சிருக்கீங்க. ஊருக்குப் போய் அவங்களோட இருங்க."

மேசைமேல் ஒரு காகிதம் ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகுவதாக அவளே எழுதியதுபோல் எழுதியிருந்தது. பக்கத்தில் திருநெல்வேலிக்கு ஒரு பேருந்துச் சீட்டும், மஞ்சள் அட்டைப்பெட்டியில் இனிப்பும். அதே மஞ்சள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போன மாதம் நாலாவது லைன் தங்கேஸ்வரி அழுதபடி வாசலைக் கடந்தது இசக்கியின் கண்முன் வந்தது. அவளுக்கும் வீட்டுக் காரணம் என்றுதான் சொன்னார்கள்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுதேன் சார்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்கு எல்லாத்துக்கும் யோசனை வேணும் சார். பழக்கம் அப்படி."

படியில் இறங்கும்போது லைன் சூப்பர்வைசர் பூங்கொடி அவளைச் சுவரோரம் இழுத்தாள். உள்ளூர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள், லைனில் அவள் குரல் கேட்டால் ஊசிகூட நேராக இறங்கும். இப்போது அந்தக் குரல் அடங்கியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா கண்ணு?"

"இல்லக்கா."

"போடச் சொல்லத்தான் என்னையும் நிக்க வெச்சிருக்காங்க. ஆனா வாய் வரமாட்டேங்குது." அவள் படியின் மேலும் கீழும் பார்த்தாள். "உன்ற பொட்டு ஒரு மாசமாச் செவப்புக் காட்டுது. கிட்னி. தண்ணியில்லாமக் காஞ்சு கெடக்குது. வேலைல இருக்கறப்ப அதை ஒரு டாக்டரு எழுதிப்போட்டா ஆயுசுக்கும் வைத்தியச் செலவு கம்பெனி தலைல விழும். இப்ப வந்த சட்டம் அப்படி. நீயா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டீன்னா உன்ற பாடு, உங்கம்மா பாடு."

"அதுக்குத்தான் ஸ்வீட்டா?"

"அதுக்குத்தான். நாஞ் சொன்னேன்னு எங்கியும் சொல்லிப்போடாத."

இசக்கி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய் அழுத்திப் பார்த்தது. வலிப்பதுபோலவும் இருந்தது, வலிக்காததுபோலவும் இருந்தது. உடம்பு விஷயத்திலும் உறுதியாக ஒன்றைச் சொல்ல முடியவில்லையே என்று அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்குள்ளிருந்துதான் அந்த எண்ணம் தலைநீட்டியது: என் பேரில் இருக்கிற பொட்டு இந்த ஒரு மாதம் யார் காதில் இருந்தது?

வேலைவிட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரிடமும் சொன்னாள். சின்னு முதலில் சிரித்தாள். "கிட்னி சட்டினியாப் போச்சா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாலு பேரும் குளியலறைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல எனக்கு மூஞ்சி வீங்கித்தான் இருக்கு" என்றாள் சின்னு. "தூக்கம்னு நெனைச்சேன்."

"நான் கால்" என்றாள் மினதி. "செருப்பு போட வராது, சாயங்காலம்."

அமலி தன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். "பேரு இசக்கி பேருதான வந்திருக்கு. அவ போயிரட்டும்."

"எக்கா?"

"நீ போயிரு புள்ள. உன்னுதாத்தான் இருக்கும். ஊருல போயி நல்ல டாக்டரைப் பாரு. இப்பக் கிளறினா நாலு பேரு வேலையும் போயிரும். எனக்கு எம் மவளை விட்டா வேற நாதி கெடையாது."

"வாங்க, நல்லா இருக்கு கதை!" சின்னு எழுந்துவிட்டாள். "நோவு யாருக்கோ, பஸ் ஏறுறது இவளா? அப்ப அந்த நோவு உனக்குன்னு இருந்தா என்னாக்கா பண்ணுவ?"

"எனக்கில்ல!"

"ஒனக்கில்லேன்னு ஒனக்கு யாரு சொன்னா? மாதாவா?"

"வாயை மூடுட்டி!"

இசக்கி இருவருக்கும் நடுவில் நின்றாள். அமலி சொல்வதில் நியாயம் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு யார் எது சொன்னாலும் அப்படித்தான் தோன்றும். ஒருவேளை அது என்னுடையதே என்றால், வீண் வம்பில் இவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறேனோ? கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் என்னுடையது இல்லையென்றால்? நான் மஞ்சள் பெட்டியோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பேன். நோயுள்ளவள் இங்கேயே, தாகமே இல்லாமல், கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மெஷின்மேல் சாய்வாள். அன்றைக்கு அவளுக்கும் ஒரு வீட்டுக் காரணம் இருக்கும்.

"எக்கா, எனக்குக் கோவம் இல்ல" என்றாள் மெதுவாக. "என்னுதுன்னு தெரிஞ்சா நானே போயிருவேன். ஆனா தெரியலையே. தெரியாமக் கையெழுத்துப் போட எனக்கு வராதுக்கா. பரீட்சையில ஒரு மார்க் கேள்விக்கே நான் மூணுதரம் அடிச்சு எழுதுதவ. இது கிட்னி."

மினதி அதுவரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தன் பொட்டைக் கட்டிலில் வைத்தாள். "நான் இனிமே ஒட்டாது" என்றாள்.

ஒருத்தர் பின் ஒருத்தராக எடுத்தார்கள். அமலியுடையது கடைசி.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. துணி துவைத்தார்கள். சின்னு மெஸ்ஸிலிருந்து நாலு பேருக்கும் சோறு வாங்கி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மினதி திடீரெனக் கையை நிறுத்தி, தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இது என்ன?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் விக்கல் என்று நினைத்தார்கள். பிறகு அது சின்னுவுக்கு வந்தது, பிறகு இசக்கிக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் நூலாக இழுத்தது. நெஞ்சுக்குழியிலிருந்து காதுவரைக்கும் ஒரே ஒரு ஆசைதான் எரிந்தது. ஒரு வருடமாக வாய் அடைக்கப்பட்டிருந்த ஒன்று, இப்போது மொத்தத்தையும் சேர்த்துக் கத்தியது.

"தாகம்டி!" என்று கூவினாள் சின்னு. "அடியே, தாகம்டி இது!"

குடிதண்ணீர்க் குடத்தை நடுவில் இழுத்து வைத்தார்கள். இருந்தது ஒரே சொம்பு. சின்னு அண்ணாந்து ஊற்ற, பாதி வாய்க்குள் போயிற்று, பாதி தாவணிக்குள். மினதி சொம்பை வாயில் வைத்துக் குடித்ததற்கு வழக்கமாக வருகிற "எச்சி, எச்சி" என்ற சத்தத்தை அன்று யாரும் போடவில்லை. அவள் வைத்த சொம்பையே அமலி வாங்கி வாயில் வைத்தாள். குடித்து முடித்தபின் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து கொட்டியது.

"எங்கிட்டயிருந்து இதை எடுத்துட்டானுவளே, பாவிப் பயலுவ" என்றாள். "பச்சைத் தண்ணி குடிக்கிற ருசியை எடுத்துட்டானுவளே." கொஞ்சம் பொறுத்து, "நீ போவ வேண்டாம் புள்ள" என்றாள்.

இசக்கி அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை, வெந்நீருக்கு வாளியோடு நிற்கும் வரிசையில் சின்னு தன் மூலதனத்தை எடுத்து விட்டாள். கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. "தங்கேஸ்வரி ஏன் போனான்னு தெரியுமாடி?" என்று ஆரம்பித்து, "ஒன் கண்ணாடியில நாலு இருக்கே, அதுல எது ஒன்னுது?" என்று முடித்தாள். கேட்டவர்கள் தங்கள் அறைக்குத் திரும்பிப் போய்க் கண்ணாடிமுன் நின்றார்கள். அந்தக் கேள்விக்கு எந்த அறையிலும் பதில் இல்லை. மினதி ஒடியாவிலும் இந்தியிலும் அதையே இரண்டாம் மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த மொழிகளில் அவள் வினைச்சொற்கள் கம்பிபோல் நின்றன.

ஒன்பது மணிக்கு நாலு பேரும் நிகிலேஷின் அறையில் இருந்தார்கள். அவர் இசக்கியை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்.

"என்ன இது, குடும்பத்தோட வந்திருக்கீங்க? யோசிச்சாச்சா?"

"யோசிச்சேன் சார். கையெழுத்துப் போட முடியாது. அம்மைக்கு ஒண்ணும் இல்ல. பொட்டு செவப்புக் காட்டுதுன்னுதான் அனுப்புதீங்க."

அவர் கண் ஒருமுறை கதவுப்பக்கம் போய்வந்தது. "யார் சொன்னது?"

"அது இருக்கட்டும் சார். அது என் காதுல இருந்த பொட்டான்னு எனக்குத் தெரியாது."

"உங்க எண்ணுதான் அது."

"எண்ணு என்னுது சார். காது யாருதுன்னு தெரியாது."

கண்ணாடி விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நோயைப் பற்றிக் கேட்டபோது மாறாத முகம் அது. "கழட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்கேனே! பொட்டு கம்பெனி சொத்து."

"அப்ப கிட்னி யாரு சொத்து சார்?" என்றாள் சின்னு.

"வாயை அளந்து பேசுங்க. நாலு பேரையும் இன்னிக்கே அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கு."

அமலி முன்னால் வந்தாள். "அனுப்புங்க சார். ஆனா வீட்டுக் காரணம்னு நாங்க எழுத மாட்டோம். என்ன காரணம்னு நீங்க எழுதி, உங்க கையெழுத்தைப் போட்டுத் தாங்க."

பிறகு அவள் இடுப்போடு அணைத்திருந்த டிபன் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். நாலு பொட்டு விழும் என்று நிகிலேஷ் நினைத்திருக்க வேண்டும். தோல்நிறக் குவியல் ஒன்று சரிந்து அவர் விசைப்பலகை வரைக்கும் பரவியது. மூன்று மாடிக் கண்ணாடிகளிலும் ஒட்டியிருந்த பொட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றில்கூட எண் தெரியவில்லை.

"எங்களுக்கு என்ன நோவு, யாருக்கு நோவுன்னு தெரியாது சார்" என்றாள் இசக்கி. ஆயுள் முழுக்க வெட்கப்பட்டே சொல்லிவந்த அந்த வார்த்தையை நிமிர்ந்து நின்று சொல்வது அவளுக்கே புதிதாக இருந்தது. "தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். கம்பெனி ஆளு வேண்டாம், பெரியாஸ்பத்திரியில. வேலையில இருக்கோம்னு ஆளாளுக்குச் சீட்டு குடுங்க. ஸ்வீட்டு குடுத்து அனுப்புனவங்களையும் திரும்பக் கூப்பிடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பூங்கொடி நின்றாள்.

"சார், லைன் நிக்குது."

"எந்த லைன்?"

"எல்லா லைனும்."

"ஸ்ட்ரைக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் சார். தண்ணி குடிக்கறாங்க."

"எல்லாருமா? ஒரே நேரத்துலயா?"

"தாகம் எடுக்குதாம் சார். குடிச்சா அப்பறம் போகோணுமில்லீங்? தளத்துக்கு மூணு கக்கூஸுதான கட்டி வெச்சிருக்கீங்க. வரிசை படிவரைக்கும் நிக்குது." அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "டிரம்முல தண்ணி வேற தீந்துபோச்சுங்க. லாரிக்குச் சொல்லட்டுங்களா?"

கீழே தையல் கூடத்திலிருந்து வழக்கமாக எழும் இரைச்சல் இல்லை. அதற்குப் பதிலாகச் சொம்புச் சத்தமும் பேச்சும் சிரிப்பும் படியேறி வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு பாதி தைத்தபடி மெஷின்களின் அடியில் கிடந்தது. சட்டப்படி யாரும் வேலையை நிறுத்தவில்லை. தண்ணீர் குடிப்பதற்கு எதிராக எழுதப்பட்ட விதி ஒன்றும் அந்த ஆலையில் இல்லை. இதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை.

நிகிலேஷ் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். போனவர் திரும்பி வர நேரமாயிற்று. முதலில் கம்பெனி செலவில் இங்கேயே மருத்துவ முகாம் என்றார். நாலு பேரும் அசையவில்லை. மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தபோது டை கொஞ்சம் தளர்ந்திருந்தது. "நாளையிலேர்ந்து லைன் லைனா ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வேலைச் சீட்டு தருவோம். ஊருக்குப் போனவங்களுக்கும் தகவல் சொல்றோம். இப்ப தயவுசெஞ்சு எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க."

"தண்ணி லாரி வந்ததும் உக்காருவோம் சார்" என்றாள் சின்னு.

அன்று சாயங்காலம் இசக்கி பூங்கொடியைத் தேடிப் போனாள். சைக்கிள் நிறுத்தத்தில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"எக்கா, ஒண்ணு கேக்கணும். எங்க நாலு பேருல அது யாரா இருக்கும்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அமலியக்கா சாப்பிடவே மாட்டேங்குதா. தனக்குத்தான்னு பயந்து கெடக்கா."

பூங்கொடி வண்டியை மறுபடி நிறுத்தினாள். சுற்றிலும் பார்க்கவில்லை இம்முறை.

"நாலு பேருக்குள்ளயே தேடறியா கண்ணு? ஆபீசுல பொட்டுக் கணக்கெல்லாம் காட்டற திரையை நீ பாத்ததில்ல. ஒரு பொட்டா ரெண்டு பொட்டா! பாதித் திரை செவப்பு. எல்லாரையும் ஒருக்கா அனுப்புனா லைன் படுத்துருமில்ல? அதான் மாசத்துக்கு ரெண்டு மூணு பேருன்னு வரிசை போட்டு வெச்சிருந்தாங்க."

கேள்வி முழுவதுமே தவறு என்று புரிய இசக்கிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப, பாதிப் பேருல என்னைய எதுக்குக்கா எடுத்தாங்க?"

பூங்கொடி வண்டியின் கைப்பிடியைத் துடைத்தாள். அதில் அழுக்கு இல்லை.

"வரிசை போடச் சொன்னது என்னைய. சத்தம் போடாமப் போறவளா மொதல்ல பாத்துக் குடுன்னாங்க. உனக்கு எதுலயும் சந்தேகம். சந்தேகப்படறவ சண்டைக்கு வரமாட்டான்னு நெனைச்சு உன்ற பேரை நாந்தான் மேல எழுதினேன்."

வாயில்காவலர் விசில் ஊதினார். லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. தண்ணீர் லாரிதான். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். இசக்கிக்கு அறையவேண்டும்போல் இருந்தது. படியில் நின்று உண்மையைச் சொன்னவளும் இவள்தானே என்றும் இருந்தது. இரண்டில் எது சரி என்று முடிவுசெய்ய அவள் காத்திருக்கவில்லை.

"அந்தத் திரையில இருந்ததை நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும்க்கா. ரத்தம் இன்னிக்கு எப்படி இருக்குன்னுதான் அவங்களுக்குத் தெரியும். எத்தனை மாசமா, எத்தனை பேருக்குங்கது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"வேலை போயிரும் கண்ணு. எனக்கும் ரெண்டு பசங்க."

"எங்களுக்கும் போகும்க்கா. ஆறரை பஸ்."

பூங்கொடி பையைக் கைப்பிடியில் மாட்டினாள். வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று மாலை வகுப்பில் ஆசிரியை, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார். தாகமாக இருந்தது டீச்சர் என்றாள் இசக்கி. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வகுப்பு முடிந்தபின் அவள் அங்கேயே உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

ஏப்ரல் 18, வெள்ளி.

நாளைக்குச் செய்ய வேண்டியது: ஐந்தரைக்கு எழ வேண்டும். வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று தெரியவில்லை, வார்டனிடம் கேட்க வேண்டும். ஆதார் அட்டை, வேலைச் சீட்டு. மினதிக்காகத் தமிழில் பேச நான் கூட உள்ளே போக வேண்டும். அமலியக்காவை முதலில் நிறுத்தக் கூடாது, நடுவில் நிறுத்த வேண்டும். ஆறரை பேருந்தைக் கடைசி நிமிடம் வரைக்கும் நிறுத்தி வைக்கும்படி கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். பூங்கொடியக்கா வராவிட்டால், அவர் சொன்னதை நான் சொல்ல வேண்டும்.